மூன்று பொத்தான்கள், ஒரு குழப்பம்: கணினிக்கு ஏற்ற பதிப்பை யார் தேர்ந்தெடுப்பது?

“தம்பி, மூணு பட்டன் இருக்கு. எதை அமுக்கணும்?”

தொலைபேசியில் கேட்டவர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நானும் நண்பர்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் எழுதிய ஓர் இலவசத் தமிழ் உள்ளீட்டுக் கருவியைத் தம் புதிய மடிக்கணினியில் பதிவிறக்க முயன்றுகொண்டிருந்தார். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உண்டுதான். ஆனால், பல்லாண்டுகளாகக் கைக்குப் பழகிய விசை வரிசையை மாற்றிக்கொள்ள எல்லாராலும் முடிவதில்லை. அவர்களுக்காக எழுதிய கருவி அது. பதிவிறக்கப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருந்தன: எக்ஸ்86, எக்ஸ்64, ஆர்ம்64.

வேலையில் இருந்ததால், “சாயந்தரம் கூப்பிடுறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டேன். மாலையில் அழைத்தபோது அவரே முடிவெடுத்திருந்தார். “86-ஐத்தான் போட்டேன். 64-ஐ விட 86 பெரிசுதானே? அதுதான் புதுசா இருக்கும்னு நெனச்சேன்.”

பள்ளியில் நெடுநாளாகப் புழங்கும் பழைய மதிப்பெண் பதிவு நிரலில் தமிழ் வந்தது. வேர்டில் வரவில்லை. தவறாக எடுத்துவிட்டோம் என்று அதை நீக்கிவிட்டு 64-ஐ நிறுவினார். இப்போது வேர்டில் தமிழ் வந்தது. மதிப்பெண் நிரலில் ஆங்கில எழுத்துகளே விழுந்தன. மறுநாள் காலைக்குள் தேர்வுத்தாளும் மதிப்பெண் பட்டியலும் தயாராக வேண்டும். “எனக்குத்தான் கம்பியூட்டர் சரியா வரல போல” என்றார்.

தவறு அவருடையது அன்று. அந்த மூன்று பொத்தான்களை வைத்தவன் நான். கணினியிடம் கேட்க வேண்டிய கேள்வியை மனிதரிடம் கேட்டிருந்தேன். பிறகு அதே கேள்வியைக் கணினியிடம் கேட்கத் தொடங்கியபோது, அதையும் முதல் முறையில் தவறாகவே கேட்டேன். ஒரு மென்பொருளை நிறுவும் அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

தொடங்கும் முன் சொல் குறித்து ஒரு குறிப்பு. தமிழில் ‘செயலி’ என்ற சொல்லைக் கைப்பேசியில் இயங்கும் மென்பொருளுக்கும் சொல்கிறோம், கணினியின் மூளையாகிய சில்லுக்கும் சொல்கிறோம். குழப்பம் வேண்டாம் என்பதால் இக்கட்டுரையில் சில்லை ‘நுண்செயலி’ என்றும், மென்பொருளைக் கணினியில் பதித்துத் தரும் ‘செட்டப்’ கோப்பை ‘நிறுவி’ என்றும் அழைப்போம்.

86 எப்படி 64-ஐ விடப் பழையது ஆயிற்று?

இண்டெல் நிறுவனம் 1978-இல் 8086 என்ற நுண்செயலியை வெளியிட்டது. அதன் வழியில் 80186, 80286, 80386 என்று வந்த குடும்பத்துக்குக் கடைசி இரு இலக்கங்களை வைத்து எக்ஸ்86 என்று பெயர் நிலைத்தது. 1985-இல் வந்த 80386 முதல் இக்குடும்பம் 32-பிட் ஆனது. ஆக, எக்ஸ்86 என்பதில் உள்ள 86 ஒரு குடும்பப் பெயர், அளவு அன்று.

எக்ஸ்64-இல் உள்ள 64 அளவைக் குறிப்பது. 32 பிட் கொண்ட முகவரியால் 4,294,967,296 இடங்களைத்தான் சுட்ட முடியும். அதாவது 4 கிகாபைட் நினைவகம். 2000-ஆம் ஆண்டையொட்டி அந்த எல்லை நெருங்கிவிட்டது. இண்டெல் 2001-இல் இட்டானியம் என்ற முற்றிலும் புதிய 64-பிட் வழியை முன்வைத்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியோ பழைய எக்ஸ்86-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதை 64 பிட்டுக்கு நீட்டி, 2003-இல் ஆப்டெரான் நுண்செயலியைக் கொண்டுவந்தது. பழைய நிரல்களும் ஓடும், புதியவையும் ஓடும் என்பதால் சந்தை ஏஎம்டியின் பக்கம் சாய்ந்தது. 2004-இல் இண்டெலும் அதே வழிக்கு வந்தது. அதனால்தான் இன்றும் இண்டெல் நுண்செயலி உள்ள கணினிக்கான சில கோப்புகளில்கூட ‘ஏஎம்டி64’ என்ற பெயர் காணப்படுகிறது. இண்டெல் கணினி வைத்திருப்பவர் அதைத் தமக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிடுவது இயல்பே.

மூன்றாவது பொத்தான் வேறு வம்சம். ஆர்ம் நுண்செயலியின் முதல் சில்லு 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கோர்ன் நிறுவனத்தில் உருவானது. குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் அது கைப்பேசிகளை ஆட்கொண்டது. 2011-இல் அதன் 64-பிட் வடிவம் அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1, 2024-இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்று இப்போது மடிக்கணினிக் கடைகளிலும் இடம்பிடித்துவிட்டது. லோ யாட் பிளாசாவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் இரண்டு மடிக்கணினிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். உள்ளே பேசும் மொழி வேறு.

மொழி என்பது வெறும் உவமை அன்று. மலாய் மொழியில் ‘பாடி’ என்றால் நெல். அதே ஒலியைத் தமிழில் கேட்டால் பாட்டுப் பாடிய நினைவு வரும். ஒலி ஒன்று, கேட்பவரின் மொழியைப் பொறுத்துப் பொருள் வேறு. நுண்செயலிக்கும் அப்படித்தான். எக்ஸ்86 குடும்பத்தில் ஒரு கட்டளை 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை எந்த நீளத்திலும் இருக்கலாம். 64-பிட் ஆர்ம் கட்டளைகளோ ஒவ்வொன்றும் சரியாக 4 பைட். ஒன்றுக்காக எழுதியதை மற்றொன்றிடம் நேரடியாகக் கொடுத்தால் பொருளற்ற எண்களே மிஞ்சும்.

கோப்பின் நெற்றியில் எழுதியிருப்பது

எந்தக் கோப்பு எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை விண்டோஸ் எப்படி அறிகிறது? ஒவ்வொரு விண்டோஸ் நிரல் கோப்பின் தொடக்கத்திலும் ‘எம்’, ‘இசட்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். டாஸ் காலத்தில் இந்த வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. சற்று உள்ளே சென்றால் இரண்டு பைட் நீளத்தில் ஓர் எண் இருக்கும். பதினாறு இலக்க எண்முறையில் 14சி என்றால் 32-பிட் எக்ஸ்86. 8664 என்றால் எக்ஸ்64. ஏஏ64 என்றால் ஆர்ம்64. லினக்ஸ் கோப்புகளிலும் இத்தகைய எண் உண்டு. அங்கே வழக்கமான பத்திலக்க எண்ணில் 62 என்றால் எக்ஸ்64, 183 என்றால் ஆர்ம்64.

இயங்குதளம் ஒரு நிரலைத் தொடங்கும் முன் இந்த எண்ணைப் பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது’ என்று மறுத்துவிடுகிறது. ஆக, கோப்பு தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. கணினி தன்னைப் பற்றி எப்போதும் முழு உண்மையைச் சொல்வதில்லை.

மரியாதைக்காகச் சொல்லப்படும் பொய்

மூன்று பொத்தான்களை ஒன்றாக்குவது என்று முடிவெடுத்தேன். ஒரே நிறுவி; அதுவே கணினியைச் சோதித்து உரிய கோப்புகளை எடுக்கும். ஆனால், அந்த நிறுவியை எந்த மொழியில் எழுதுவது? எல்லாக் கணினியிலும் அது தொடங்கியாக வேண்டும். 64-பிட் நிறுவி 32-பிட் விண்டோஸில் தொடங்கவே தொடங்காது. ஆர்ம் நிறுவி மற்ற இரண்டிலும் தொடங்காது. எல்லா விண்டோஸுக்கும் பொதுவாகப் புரிவது 32-பிட் எக்ஸ்86 ஒன்றுதான். 64-பிட் விண்டோஸும் ஆர்ம் விண்டோஸும்கூட அதை ஓட்டிவிடும். எனவே பெரும்பாலான நிறுவிகளைப் போல் நானும் நிறுவியை 32-பிட்டில் எழுதினேன்.

இங்கேதான் சறுக்கியது. 64-பிட் விண்டோஸ், 32-பிட் நிரலை ஓட்டும்போது அதற்கென்று ஒரு தனி அறை அமைத்துத் தருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘வாவ்64’ என்று பெயர். விண்டோஸுக்குள் ஒரு விண்டோஸ் என்று பொருள். அந்த அறைக்குள் இருக்கும் பழைய நிரல் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பழைய உலகத்தின் பதில்களே தரப்படுகின்றன. ‘இது என்ன நுண்செயலி?’ என்று வழக்கமான முறையில் கேட்டால் ‘எக்ஸ்86’ என்றே பதில் வரும். என் நிறுவியும் அப்படிக் கேட்டு, அதை நம்பி, புத்தம் புதிய 64-பிட் கணினியிலும் 32-பிட் கோப்புகளையே இறக்கியது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. நிறுவல் வெற்றி என்று பச்சைக் குறியும் காட்டியது.

கோப்புறைகளிலும் இதே கதை. 64-பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற கோப்புறைக்குள் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகளோ ‘சிஸ்வாவ்64’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயர்ப்பலகைகளைத் தலைகீழாக மாட்டியதுபோல் தோன்றும். காரணம் உண்டு. ‘சிஸ்டம்32’ என்ற பெயரை எண்ணற்ற நிரலாளர்கள் தங்கள் நிரல்களுக்குள் நேரடியாக எழுதிவைத்திருந்தார்கள். பெயரை மாற்றியிருந்தால் 64-பிட்டுக்கு மாறும்போது அவை அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும். எனவே பெயர் நிலைத்தது, உள்ளே இருப்பவை மாறின. தனி அறையில் இருக்கும் 32-பிட் நிரல் ‘சிஸ்டம்32’ என்று கேட்டால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் ‘சிஸ்வாவ்64’-க்குத் திருப்பிவிடுகிறது. நிரல்கள் தங்கள் குறிப்புகளை எழுதிவைக்கும் விண்டோஸ் பதிவேட்டிலும் இதேபோல் 32-பிட்டுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு.

ஆகவே, நிறுவி ‘நான் எந்த அறையில் இருக்கிறேன்?’ என்று கேட்கக் கூடாது. ‘இந்த வீடு எப்படிப்பட்டது?’ என்று கேட்க வேண்டும். அதற்கென்று விண்டோஸில் தனிக் கட்டளைகள் உள்ளன. ஆனால், பழைய கட்டளைகளில் ஒன்று ஆர்ம் கணினியில் மீண்டும் அதே மரியாதைப் பொய்யைச் சொல்கிறது. எக்ஸ்86 நிரல் கேட்டால், ஆர்ம் இருப்பதை மறைத்து எக்ஸ்86 குடும்பக் கணினி போலவே பதில் தருகிறது. விண்டோஸ் 10 காலத்தில் வந்த ஒரு புதிய கட்டளைதான், கேட்கும் நிரலின் வகை என்ன, கணினியின் உண்மையான வகை என்ன என்று இரண்டு பதில்களையும் பிரித்துத் தருகிறது. விண்டோஸ் 7-இல் அந்தக் கட்டளை இல்லை. அது இருக்கிறது என்று நம்பி நேரடியாக அழைக்கும் நிறுவி அங்கே தொடங்காமலேயே விழுந்துவிடும். ‘இருக்கிறதா?’ என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் பழைய வழியில் கேட்கும்படி எழுத வேண்டும்.

நுண்செயலியைக் கேட்டாலும் போதாது

இவ்வளவு சுற்றி வளைப்பானேன், நுண்செயலியிடமே நேரடியாகக் கேட்டுவிடலாமே என்று தோன்றலாம். எக்ஸ்86 குடும்பத்தில் அதற்கும் ஒரு கட்டளை உண்டு; ‘64-பிட் தெரியுமா?’ என்றால் நுண்செயலி உண்மையே சொல்லும். ஆனால், அந்த உண்மை நிறுவிக்குப் பயன்படாது.

நான் பார்த்த சில பள்ளிக் கணினி அறைகளில் 64-பிட் நுண்செயலி கொண்ட கணினிகளில் 32-பிட் விண்டோஸ் 7 பதிக்கப்பட்டிருந்தது. 2 கிகாபைட் நினைவகம் மட்டுமே இருந்த காலத்தில் அது பொருத்தமான முடிவுதான். அங்கே 64-பிட் கோப்புகளைக் கொண்டுபோய் வைத்தால் ஓட்டுநர் உரிமம் உள்ளவருக்கு வண்டியே இல்லாத நிலைதான். நுண்செயலிக்குத் திறமை இருக்கிறது, இயங்குதளம் அதைப் பயன்படுத்தவில்லை. எனவே நிறுவி மதிக்க வேண்டியது இயங்குதளத்தின் பதிலை.

இதற்கு நேரெதிரான பொறி ராஸ்பெர்ரி பை கணினியில் இருக்கிறது. கைக்கடக்கமான இந்தக் கணினியை மாணவர்களின் அறிவியல் திட்டங்களில் அடிக்கடி பார்க்கலாம். 2023 முதல், அதன் 32-பிட் இயங்குதளத்தைப் பதித்தாலும் ராஸ்பெர்ரி பை 4 போன்ற கணினிகளில் மையக்கரு மட்டும் 64-பிட்டாகத் தொடங்குகிறது. மேலே இருக்கும் மற்ற நிரல்கள் எல்லாம் 32-பிட். ‘நீ யார்?’ என்று மையக்கருவைக் கேட்கும் நிறுவி 64-பிட் என்ற பதிலை நம்பி 64-பிட் நிரலைக் கொண்டுவரும். அதற்குத் துணையாக வேண்டிய 64-பிட் கோப்புகள் அங்கே இல்லாததால் நிரல் தொடங்காது. அங்கே கேட்க வேண்டிய இடம் மையக்கரு அன்று. மென்பொருள்களை நிர்வகிக்கும் டெபியன் தொகுப்பு நிர்வாகி.

ஆசிரியையின் கணினியில் நடந்தது என்ன?

இப்போது ஆசிரியையின் சிக்கலுக்குத் திரும்புவோம். அவர் கணினி எக்ஸ்64. ‘சரியான’ பொத்தானாகிய எக்ஸ்64-ஐ இரண்டாவது முறை அழுத்தியும்விட்டார். அப்படியும் ஏன் பாதிதான் வேலை செய்தது?

தமிழ் உள்ளீட்டுக் கருவி தனியாக ஓடும் நிரல் அன்று. நீங்கள் வேர்டில் தட்டச்சு செய்யும்போது கருவியின் ஒரு துணைக் கோப்பு வேர்டுக்குள்ளேயே போய் அமர்ந்துகொள்கிறது. நீங்கள் தட்டும் விசைகளை வாங்கித் தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுப்பது அதுதான். மதிப்பெண் நிரலைத் திறந்தால் அதற்குள்ளும் அப்படியே. விண்டோஸில் ஓர் அசைக்க முடியாத விதி உண்டு: 64-பிட் நிரலுக்குள் 32-பிட் துணைக் கோப்பு நுழைய முடியாது, 32-பிட் நிரலுக்குள் 64-பிட் துணைக் கோப்பும் நுழைய முடியாது.

அவருடைய வேர்ட் 64-பிட். பள்ளியின் பழைய நிரல் 32-பிட். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரு பக்கம் கதவு மூடியே இருக்கும். இரண்டு கோப்புகளும் தேவை. பதிவேட்டின் இரு பகுதிகளிலும் பெயர் பதிய வேண்டும். ‘எது சரியான பதிப்பு?’ என்று நான் கேட்டதே தவறு. 64-பிட் விண்டோஸில் ஒரு விசைப்பலகைக்குச் சரியான பதிப்பு என்பது இரண்டும்தான்.

ஆர்ம் விண்டோஸில் கணக்கு இன்னும் நீளும். அங்கே ஆர்ம் நிரல், மொழிபெயர்த்து ஓட்டப்படும் எக்ஸ்64 நிரல், மொழிபெயர்த்து ஓட்டப்படும் எக்ஸ்86 நிரல் என்று மூன்று வகையும் ஒரே திரையில் இருக்கலாம். இதற்காகவே மைக்ரோசாஃப்ட் ‘ஆர்ம்64எக்ஸ்’ என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கியது. ஒரே கோப்பு ஆர்ம் நிரலுக்குள்ளும் போகும், எக்ஸ்64 நிரலுக்குள்ளும் போகும். எக்ஸ்86 நிரல்களுக்கு மட்டும் பழைய கோப்பைத் தனியே வைக்க வேண்டும். எங்கள் மூன்றாவது பொத்தானுக்குப் பின்னால் இருந்ததோ வெறும் ஆர்ம் கோப்பு. எங்களிடம் அத்தகைய கணினி இல்லாததால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட விதிகள் மூன்று. தனித்து ஓடும் நிரல் என்றால் இயங்குதளத்துக்குப் பொருந்த வேண்டும். வேறொரு நிரலுக்குள் விருந்தாளியாகப் போவது என்றால் அந்த வீட்டுக்காரருக்குப் பொருந்த வேண்டும். பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளுக்கான டிரைவர் என்றால் இயங்குதளத்தின் வகையாகவே இருக்க வேண்டும்; அங்கே மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. புதிய ஆர்ம் மடிக்கணினி வாங்கியவர்களில் சிலர் “எல்லாம் ஓடுது, பழைய பிரிண்டர் மட்டும் வேலை செய்யல” என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றாவது விதிதான்.

இரண்டாவது விதியை எக்செல் பயன்படுத்துவோரும் அறிவார்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010 முதல் 32-பிட், 64-பிட் என இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஆபீஸ் இருப்பது நீண்ட காலம் சாதாரணமாக இருந்தது. எக்செலுக்குள் சேரும் கூடுதல் கருவியின் நிறுவி விண்டோஸை மட்டும் பார்த்து 64-பிட்டை எடுத்தால், நிறுவல் முடியும். எக்செலில் கருவி தென்படாது.

பெட்டிக்குள் பெட்டி

கேள்வி தெளிவான பிறகு, நிறுவியைக் கட்டுவது பெரிய வேலை அன்று. விண்டோஸின் எம்எஸ்ஐ தொகுப்பு ஒவ்வொன்றும் ஒரே ஒரு கட்டமைப்பைத்தான் தன் குறிப்பில் எழுதிக்கொள்ள முடியும். 64-பிட் தொகுப்பை 32-பிட் விண்டோஸில் திறந்தால் 1633 என்ற பிழை எண்ணுடன் மறுத்துவிடும். எனவே பல தொகுப்புகளை உள்ளே வைத்த ஒரு வெளிப்பெட்டி தேவை. அந்தப் பெட்டி முதலில் ஓடி, கணினியை ஆராய்ந்து, உரிய தொகுப்புகளை மட்டும் திறக்கும். மைக்ரோசாஃப்ட் 2004-இல் திறமூலமாக வெளியிட்ட ‘விக்ஸ்’ கருவித்தொகுப்பு இதற்கு உதவும். ஜோர்டான் ரசல் 1997 முதல் வழங்கிவரும் ‘இன்னோ செட்டப்’, எம்எஸ்ஐ இல்லாமலேயே ஒரே கோப்பில் எல்லாவற்றையும் அடக்கித் தரும்.

இன்னோ செட்டப்பில் நடந்த ஒரு சிறு மாற்றம் இக்கட்டுரையின் சாரத்தையே சொல்கிறது. ‘எந்தக் கணினியில் நிறுவலாம்?’ என்ற இடத்தில் முன்பெல்லாம் ‘எக்ஸ்64’ என்று எழுதுவார்கள். அது உண்மையான எக்ஸ்64 விண்டோஸை மட்டும் குறித்தது. விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பு எக்ஸ்64 நிரல்களையும் மொழிபெயர்த்து ஓட்டத் தொடங்கிய பிறகு, நன்றாக ஓடக்கூடிய நிரலைக்கூட நிறுவி வாசலிலேயே திருப்பி அனுப்பியது. 6.3-ஆம் பதிப்பு முதல் ‘எக்ஸ்64-க்கு ஒத்துப்போவது’ என்ற புதிய சொல் வந்தது. ‘நீ யார்?’ என்பது ஒரு கேள்வி. ‘உன்னால் இதைச் செய்ய முடியுமா?’ என்பது வேறொரு கேள்வி.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் கோப்பு பெரிதாகுமே? ஆகும். சிறு நிறுவி ஒன்றைக் கொடுத்துவிட்டு, மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வது இன்னொரு வழி. ஆனால், இணைய இணைப்பு தயங்கும் தோட்டப்புறப் பள்ளியில், ஒரே பென்டிரைவை வைத்துக்கொண்டு இருபது கணினிகளுக்கு நிறுவும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சற்றே பெரிய ஒற்றைக் கோப்புதான் வசதி. நாங்கள் அதையே தேர்ந்தோம்.

ஆப்பிள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அந்நிறுவனம் 1994-இல் பவர்பிசிக்கும், 2006-இல் இண்டெலுக்கும், 2020-இல் தன் சொந்த ஆர்ம் சில்லுக்கும் மாறியது. ஒவ்வொரு முறையும் பழைய மொழி, புதிய மொழி இரண்டிலும் எழுதிய நிரலை ஒரே கோப்பில் அடுக்கிக் கொடுக்க வழி செய்தது. எதை எடுப்பது என்பதை நிறுவி அன்று, இயங்குதளமே திறக்கும் நேரத்தில் முடிவு செய்கிறது. கோப்பின் அளவு கூடுவதுதான் அதற்கு விலை. கைப்பேசியில் இந்தத் தேர்வே நம் கண்ணில் படுவதில்லை. 2021 ஆகஸ்டு முதல் கூகுள் பிளேயில் சேரும் புதிய செயலிகளை உருவாக்குவோர் எல்லா வகைகளையும் ஒரே தொகுப்பாக ஒப்படைக்கிறார்கள். உங்கள் கைப்பேசிக்கு உரிய பகுதியை மட்டும் கடை பிரித்து அனுப்புகிறது.

வாசல்காவலரும் மூப்படைவார்

நிறுவி எழுதுவோர் மறக்கக் கூடாத பழைய பாடம் ஒன்று உண்டு. 1990-களில் பல 32-பிட் மென்பொருள்கள் 16-பிட் நிறுவியோடு வந்தன. அன்று எல்லாக் கணினிக்கும் பொதுவாகப் புரிந்த மொழி 16-பிட். பின்னர் வந்த 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை அறவே கைவிட்டது. மென்பொருள் நலமாக ஓடக்கூடியதுதான், ஆனால் அதை உள்ளே கொண்டுவர வேண்டிய நிறுவி தொடங்கவே இல்லை. பரவலாகப் புழங்கிய சில 16-பிட் நிறுவிகளை மட்டும் விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றின் இடத்தில் 32-பிட் நிறுவியை வைத்து ஓட்டியது.

32-பிட் பதிப்பாகவும் கிடைத்த கடைசி விண்டோஸ், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 64-பிட் மட்டுமே; ஆனாலும் 32-பிட் நிரல்களை இன்னும் ஓட்டுகிறது. இன்று பொதுமொழியாக இருக்கும் 32-பிட்டும் ஒருநாள் 16-பிட்டின் வழியில் போகலாம். நிறுவியை எழுதி முடித்தாயிற்று என்று பூட்டி வைத்துவிட முடியாது.

எங்கள் நிறுவியை மாற்றி எழுதிய பிறகு 32-பிட் விண்டோஸ், 64-பிட் விண்டோஸ், இரவல் வாங்கிய ஓர் ஆர்ம் மடிக்கணினி என்று மூன்றிலும் சோதித்தோம். புதிதாக நிறுவுவது எளிது. பழைய பொத்தான்களில் ஏதோ ஒன்றை ஏற்கெனவே அழுத்தியவர்களின் கணினியைச் சீர்செய்வதுதான் நேரம் பிடித்தது. பழைய 32-பிட் கோப்பு ஓர் ஓரத்திலும், பாதி அழிந்த 64-பிட் பதிவு இன்னோர் ஓரத்திலும் கிடக்கும். உள்ளீட்டுக் கருவியின் கோப்பு, திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் அமர்ந்திருப்பதால், அதை உடனே அழிக்கவும் முடியாது. நிறுவிகள் ‘கணினியை மறுதொடக்கம் செய்யவும்’ என்று கேட்பது இதற்காகத்தான். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கணினி எந்த வகை?

எல்லா மென்பொருளும் ஒரே பொத்தானோடு வருவதில்லை. மூன்று பொத்தான்களைச் சந்திக்க நேர்ந்தால், விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’ திறந்து ‘சிஸ்டம்’, அதற்குள் ‘அபவுட்’ என்று செல்லுங்கள். ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இயங்குதளத்தின் வகையும் நுண்செயலியின் வகையும் தனித்தனியே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இயங்குதளம். அது 32-பிட் என்றால் எக்ஸ்86-ஐ எடுங்கள். 64-பிட் என்றால் அடுத்துள்ள நுண்செயலி வகையைப் பாருங்கள். எக்ஸ்64 என்றிருந்தால் அதையும், ஆர்ம் என்றிருந்தால் ஆர்ம்64-ஐயும் எடுங்கள். மேக் கணினியில் ஆப்பிள் சின்னத்தை அழுத்தி ‘அபவுட் திஸ் மேக்’ என்பதைத் திறந்தால், ‘சிப்’ என்ற வரியில் எம்1, எம்2 என்பதுபோல் இருந்தால் ஆர்ம். ‘புராசசர்’ என்ற வரியில் இண்டெல் என்றிருந்தால் எக்ஸ்64.

அந்த ஆசிரியை அன்றிரவு தேர்வுத்தாளை வேர்டில் முடித்துவிட்டு, மதிப்பெண் நிரலுக்காகக் கருவியை நீக்கி, மறுபடி 86-ஐ நிறுவி, நள்ளிரவுக்கு மேல் வேலையை முடித்திருக்கிறார். சில மாதங்கள் கழித்து மகளுக்கு ஓர் ஆர்ம் மடிக்கணினி வாங்கினார். நாங்கள் எழுதிய புதிய நிறுவியை அதில் ஓட்டிவிட்டு எனக்குத் தகவல் அனுப்பியிருந்தார்: “தம்பி, இந்தத் தடவ ஒரு பட்டன்தான் இருந்துச்சு. மத்த ரெண்டும் எங்க?”

உள்ளேதான் இருக்கின்றன, டீச்சர். நீங்கள் தேட வேண்டியதில்லை.